மேக்கப் பிரஷ் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

மேக்கப் பிரஷ் ஒன்றில் வெளியே தெரியும் பகுதிகள் மூன்று: முகத்தைத் தொடும் இழைகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் உலோகக் குழல், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கைப்பிடி. இவற்றோடு, இழைகளின் அடியைக் குழலோடு பிணைக்கும் பசையும் குழலுக்குள் மறைந்திருக்கிறது. பிரஷ் கெட்டுவிட்டது என்று தோன்றும்போது நாம் நுனியைத்தான் உற்றுப் பார்க்கிறோம். ஆனால் கோளாறு பெரும்பாலும் குழலின் வாயில், இழைகள் வெளிவரும் அந்தக் குறுகிய இடத்தில்தான் தொடங்குகிறது. தண்ணீரும், சோப்பும், கரையாமல் நின்ற ஃபவுண்டேஷனும் போய்த் தங்குவது அங்கேதான். அழுக்கால் பாழான பிரஷ்களைவிடக் கழுவிய முறையால் பாழானவையே அதிகம் என்பது என் கணிப்பு. கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் பலவற்றுக்கும் விடை கழுவுவதிலும் உலர்த்துவதிலும் இருப்பதற்குக் காரணம் அதுவே.

இழை எந்த வகை?

எந்தக் கோளாறைச் சரிசெய்வதற்கும் முன்னால், கையிலிருப்பது விலங்கு மயிரா, செயற்கை இழையா என்று தெரிந்திருக்க வேண்டும். ஆடு, அணில், குதிரை ஆகியவற்றின் மயிரில் செய்த பிரஷ்கள் பவுடருக்கு உகந்தவை. மயிரின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய செதில்கள் பவுடரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகின்றன. நைலான் போன்ற செயற்கை இழைகள் வழவழப்பானவை என்பதால், ஃபவுண்டேஷன், கன்சீலர் போன்ற திரவங்களையும் கிரீம்களையும் உறிஞ்சாமல் முகத்துக்குக் கடத்துகின்றன.

அட்டைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தால், உதிர்ந்த ஒரே ஒரு இழையை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். விலங்கு மயிர் என்றால் தலைமுடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு எரிந்து, விரலால் தொட்டவுடன் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகி, நுனியில் கெட்டியான சிறு மணியாகத் திரளும். பிரஷை அப்படியே நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழுவும் அடிப்படை முறை இரண்டு வகைக்கும் ஒன்றுதான். பிரஷைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து, இழைகளின் கீழ்ப் பாதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, உள்ளங்கையில் ஊற்றிய ஒரு துளி குழந்தைகள் ஷாம்புவில் மெதுவாக வட்டமாகச் சுழற்றி, நுரை வெள்ளையாகும்வரை அலசி, துண்டில் வைத்து நுனி நோக்கி ஒற்றியெடுத்து, விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து உலரவிட வேண்டும். உலர்த்தும்போது மேசை விளிம்பில் கைப்பிடி மேசை மீதும், இழைகள் காற்றில் வெளியேயும் இருக்கும்படி படுக்கவைப்பது நல்லது. துண்டின் மேல் முழுதாகப் படுக்கவைத்தால் அடிப்பக்கம் தட்டையாவதோடு ஈரமும் அங்கேயே தங்கிவிடும். குவளையில் நிமிர்த்தி நிறுத்தி உலர்த்துவது எல்லாவற்றிலும் மோசமான வழி. நுனியிலிருந்த நீர் முழுவதும் குழலுக்குள் இறங்கிவிடும்.

கழுவி உலர்ந்த பின் இழைகள் விறைப்பாக இருக்கின்றன

நம் ஊர்களில் மிகுதியாகக் கேட்கும் குறை இது. பிரஷின் விலையைக் குறை சொல்வதற்கு முன் குழாயில் வரும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், சோப்பு அவற்றோடு சேர்ந்து நீரில் கரையாத வெண்ணிறப் படிவாக மாறுகிறது. குளியலறை வாளியின் உட்புறம் விளிம்பில் வளையமாகப் படிகிறதே, அதே படிவு பிரஷின் ஒவ்வோர் இழையிலும் படிந்து, காய்ந்தபின் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகும் என்று விடப்பட்ட நீரும் பிரஷுக்குக் கடினமாக இருக்க இடமுண்டு என்பதே இதன் பொருள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மூடியுள்ள பாட்டிலில் பாதியளவு குழாய்த் தண்ணீர் பிடித்து, துணி சோப்பைச் சீவிய சில துணுக்குகளைப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். நுரை பொங்கி, அடியில் நீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரையே வராமல் நீர் கலங்கி, வெண்மையான திரள்கள் மிதந்தால் கடினநீர். இந்தச் சோதனைக்கு ஷாம்பு உதவாது. ஷாம்புவிலுள்ள நுரைப்பொருள்கள் கடினநீரிலும் ஓரளவு நுரைப்பவை. அதே காரணத்தால், கடினநீர் உள்ள வீட்டில் பிரஷ் கழுவக் கட்டி சோப்பைவிட ஷாம்புவே பொருத்தம்.

ஏற்கெனவே விறைத்துப்போன பிரஷை மீட்க, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, இழைகளை மட்டும் ஒரு நிமிடம் அதில் அலைத்து, பிறகு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய நீரில் அலச வேண்டும். அமிலம் அந்தப் படிவைக் கரைக்கும். விலங்கு மயிராக இருந்தால், காரத்தன்மையுள்ள சோப்பால் தூக்கிக்கொண்ட செதில்களும் படிந்து மயிர் மென்மையாகும். குழல் வினிகரில் ஊறக் கூடாது. எலுமிச்சைச் சாறும் அமிலம்தான் என்றாலும் அதன் சதைத் துணுக்குகள் இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் வினிகரே மேல். சிகைக்காய்ப் பொடியும் பயத்தமாவும் தலைக்கு எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் இதே காரணத்தால் பிரஷுக்கு ஆகாதவை. அவற்றின் மணிகள் குழல் வாயில் போய் அமர்ந்துவிட்டால் எத்தனை முறை அலசினாலும் வெளியே வருவதில்லை.

கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தினால் போதும். அரை லிட்டரில் நான்கைந்து பிரஷ்களை அலசிவிடலாம். ஆனால் அந்த இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வெளியேறும் நீரைச் சிக்கனம் கருதி இதற்குப் பிடித்து வைக்கக் கூடாது. உப்புகள் எல்லாம் செறிந்திருப்பது அதில்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் உப்பில்லாத மென்னீர் என்பது உண்மை. ஆனால் தூசியும் கிருமியும் படிந்த தகடுகளின் மீது வழிந்து வரும் நீரை முகத்தில் தேய்க்கும் பொருளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வினிகர் அலசலுக்குப் பிறகும் விறைப்பு நீங்காவிட்டால், படிந்திருப்பது சோப்பு அன்று, மேக்கப். அதற்கான வழி அடுத்த பகுதிக்கும் பிந்தைய பகுதியில் வருகிறது.

இழைகள் உதிர்கின்றன

புதிய பிரஷில், முதல் சில கழுவல்களில் சில இழைகள் உதிர்வது இயல்பு. உற்பத்தியின்போது பசையில் சிக்காமல் நின்ற தளர்ந்த மயிர்கள் அவை. அதன் பிறகும் கன்னத்தில் ஒன்றிரண்டு மயிர் ஒட்டிக்கொண்டே இருந்தால், உதிர்ந்த இழைகளை வெள்ளைத் தாளில் வைத்து, பிரஷில் நிற்கும் இழைகளோடு நீளத்தை ஒப்பிட வேண்டும். காரணத்தை நேராகக் காட்டிவிடும் சோதனை இது.

உதிர்ந்த இழை, வெளியே தெரியும் நீளத்தைவிடச் சிறிது கூடுதலாக இருந்து, ஒரு முனையில் பசையின் தடம் தெரிந்தால், அது வேரோடு வந்திருக்கிறது. குழலுக்குள் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். வெந்நீர், இரவு முழுதும் நீரில் ஊறவைத்தல், நிமிர்த்தி உலர்த்தல், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். மாறாக, உதிர்ந்த இழை குட்டையாக இருந்தால் அது நடுவில் முறிந்தது. கரடுமுரடான சிலிக்கோன் விரிப்பில் அழுத்தித் தேய்ப்பது, ஈரத்தை முறுக்கிப் பிழிவது, காரமான சோப்பால் மயிர் வறண்டுபோவது ஆகியவற்றை அப்போது சந்தேகிக்க வேண்டும். முறிவு என்றால் கழுவும் முறையை மாற்றியதும் உதிர்தல் குறையும். விலங்கு மயிருக்கு மாதம் ஒருமுறை நுனியில் மட்டும் துளியளவு கண்டிஷனர் தடவி அலசலாம்.

வேரோடு வருவதற்கு வீட்டு மருத்துவம் குறைவு. இழைக் கொத்து முழுவதும் ஒரேயடியாகக் கழன்று கையோடு வந்துவிட்டால், அது உண்மையில் நல்ல செய்தி. கொத்தின் அடியையும் குழலின் உட்புறத்தையும் துடைத்து, ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, அரால்டைட் போன்ற இரு குழாய்ப் பசையைச் சம அளவில் கலந்து குழலுக்குள் சிறிதளவு விட்டு, கொத்தைப் பழையபடி செருகி 24 மணி நேரம் அசையாமல் வைத்தால் பிரஷ் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொன்றாகக் கழலும் இழைகளுக்கு இந்த வழி இல்லை. குழல் வாயில் ஃபெவிக்விக் வகைப் பசையை ஒரு சொட்டு விடலாம் என்று சிலர் சொல்வார்கள். நீர்போல மெல்லிய அந்தப் பசை இழைகளுக்கிடையே மேலேறி உறைந்து, அடிப்பகுதியை முள்ளாக்கிவிடும். கண்ணிமையருகே அப்படியொரு பிரஷைக் கொண்டுபோவதைவிட அதை மேசைத் தூசி தட்டக் கொடுத்துவிடலாம்.

உதிர்தலை முகத்திலிருந்து தள்ளிவைக்க ஒரு சிறு பழக்கம் உதவும்: பயன்படுத்துவதற்கு முன்பு ஒரு கையால் குழலைப் பிடித்து, மறுகையின் விரல்களால் இழைகளை இருமுறை கோதிவிட்டால், கழலத் தயாராக இருப்பவை அங்கேயே கழன்றுவிடும்.

எத்தனை முறை கழுவினாலும் நிறம் போகவில்லை

வெளிச்சத்தில் பிரஷைப் பிடித்து, இரு கட்டை விரல்களாலும் இழைகளை நடுவில் பிளந்து பாருங்கள். நுனி பளிச்சென்று இருக்க, குழலுக்குச் சற்று மேலே தோல் நிறத்தில் ஒரு வளையம் பசைபோலப் படிந்திருந்தால், ஷாம்பு அங்கே வேலை செய்யவில்லை. நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷன்களில் சிலிக்கோன் எண்ணெய்களும், ஜெல் ஐலைனரிலும் கண்மையிலும் மெழுகும் இருப்பதால் அவை நீருக்கு இளகுவதில்லை. எண்ணெயை எண்ணெயால்தான் இளக்க முடியும்.

பிரஷ் உலர்ந்த நிலையில் இருக்கும்போதே, ஒரு தட்டில் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, இழைகளின் நுனியால் தொட்டுச் சுழற்றி, டிஷ்யூ தாளில் முன்னும் பின்னும் துடைக்க வேண்டும். தாளில் பழுப்போ கறுப்போ இறங்குவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். முதலில் நீரில் நனைத்துவிட்டால் எண்ணெய் உள்ளே புகாது; பலரும் இந்த இடத்தில்தான் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பிறகு, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு துளியோடு கழுவி எண்ணெயை எடுத்து, முடிவில் ஷாம்புவால் ஒருமுறை கழுவ வேண்டும்.

வீட்டில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய்தான் என்றாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். உதகையிலோ கொடைக்கானலிலோ, நன்றாகக் குளிரூட்டிய அறையிலோ, சரியாகப் போகாத எண்ணெய் இழைகளுக்குள் கட்டியாகி நிற்கும். உறையாத பேபி ஆயில் இந்த வேலைக்கு வசதியானது. பரதநாட்டிய மேக்கப் செய்பவர்கள் கண்ணுக்குத் தீட்டும் மெல்லிய பிரஷில் மை உறைந்து பேனா முள்போல ஆகிவிடுவதுண்டு. அப்போது இழைகளை வளைத்து உடைக்க முயலாமல், நுனியை எண்ணெயில் தோய்த்துப் பத்து நிமிடம் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பிறகு துடைப்பது நல்லது.

எல்லாம் செய்த பிறகும் வெள்ளை ஆட்டு மயிர் வெளிர் சிவப்பாகவே நின்றால் அது அழுக்கு அன்று, சாயம் ஏறியது. ஈர பிரஷை வெள்ளை டிஷ்யூவில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். தாளில் நிறம் இறங்காவிட்டால் பிரஷ் சுத்தமாகவே இருக்கிறது. வெள்ளையாக்கும் ஆசையில் பிளீச்சிங் திரவத்தைத் தொட வேண்டாம். அது மயிரையே அரித்துவிடும். கறுப்பு அல்லது ஊதாச் சாயமிட்ட புதிய பிரஷ் முதல் கழுவலில் தன் சாயத்தைக் கொஞ்சம் விடுவதும் வழக்கமே.

வடிவம் கெட்டு விரிந்து நிற்கிறது

ஈரமாக இருக்கும்போது எந்த வடிவத்தில் விடப்படுகிறதோ, அந்த வடிவத்திலேயே பிரஷ் காயும். லேசாக விரிந்திருந்தால், மீண்டும் நனைத்து, நுனியைக் கூட்டி, இழைகளின் மேல் வலையுறையைக் குழலின் பக்கத்திலிருந்து ஏற்றி உலரவிட்டால் போதும். வலையுறை இல்லாவிட்டால் மெல்லிய டிஷ்யூ தாளைச் சுற்றி, நூலால் தளர்வாகக் கட்டலாம். ரப்பர் பேண்ட் வேண்டாம். அது அழுத்திய இடத்தில் நிரந்தரமாக ஒரு பள்ளம் விழும்.

ஹேர் டிரையரின் சூட்டில் வளைந்துபோன செயற்கை இழைக்கு, ஓவியர்கள் நைலான் பிரஷ்களில் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் இழைகளின் நுனிப் பாதியை மட்டும் சில நொடிகள் அமிழ்த்தி எடுத்து, உடனே வடிவமைத்து, குளிர்ந்த நீரில் காட்டி நிலைப்படுத்துவது அது. சூட்டில் இளகும் நைலான் புது வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: வெந்நீர் குழலைத் தொட்டால் பசை தளரும், விலங்கு மயிரில் இதைச் செய்யவே கூடாது. உருகி நுனியில் மணிகட்டிய இழைகளுக்கு இதனாலும் பயனில்லை.

துருத்தி நிற்கும் மயிர்களைக் கத்தரிக்கோலால் சமப்படுத்தத் தோன்றும். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்திலுள்ள குமானோ நகரில், பிரஷ் செய்வதே தலைமுறைத் தொழிலாக இருக்கிறது. அங்குள்ள கைவினைஞர்கள் தரமான முகப் பிரஷ்களின் நுனியை வெட்டி வடிவமைப்பதில்லை. மயிர்க்கொத்தை மர அச்சுக்குள் இட்டு, இயற்கையாகக் கூராகும் நுனிகள் வெளிப்பக்கம் அமையும்படியே வடிவத்தை உண்டாக்குகிறார்கள். முகத்தில் படும்போது மென்மையாக இருப்பதற்கு அந்தக் கூர்நுனிதான் காரணம். கத்தரித்தால் நுனி மழுங்கி, தோலைக் குத்தும். வெட்டிய மயிர் மீண்டும் கூராகப் போவதில்லை. ஒன்றே ஒன்று தனியாக நீண்டு நின்றால் அதைக் குழலருகில் வெட்டிவிடலாம், அவ்வளவே.

நாற்றம் வருகிறது

நாற்றத்தில் மூன்று வகை. நனைந்திருக்கும்போது மட்டும் ஆட்டு வாடை வீசி, காய்ந்ததும் மறைந்தால் அது மயிரின் இயல்பு. சில கழுவல்களில் குறையும். காறிய எண்ணெய் வாடை என்றால், பழைய ஃபவுண்டேஷனோ, முன்பு சொன்ன எண்ணெய்க் கழுவலில் மிச்சமான எண்ணெயோ உள்ளே கெட்டிருக்கிறது. திரவ சோப்பால் இருமுறை கழுவினால் நீங்கும்.

மூன்றாவது, காயாத துணியின் முடை நாற்றம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலும் கடற்கரை ஊர்களிலும் இது சாதாரணம். நுனியைத் தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். கைப்பிடி குட்டையாகவும் இழைகள் அடர்த்தியாகவும் உள்ள கபுகி வகைப் பிரஷின் உள்ளே ஒரு நாளுக்கு மேலும் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் அடியில் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் ஜிப் பையில் வைத்து மூடினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மழைக்காலத்தில் ஒரே நாளில் எல்லாப் பிரஷ்களையும் கழுவாமல் பாதி பாதியாகக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே, குளியலறைக்கு வெளியே உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்றில் மட்டும் வைக்கலாம். உச்சிவெயில் மயிரையும் கைப்பிடியின் பூச்சையும் கெடுக்கும்.

முடை நாற்றம் மட்டும் என்றால் மறுபடியும் கழுவி முழுதாக உலர்த்தினால் போகும். இழைகளின் அடியில் கரும்புள்ளிகளோ பச்சைப் படலமோ தெரிந்தால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

கைப்பிடி ஆடுகிறது, பூச்சு உரிகிறது

குழலுக்குள் புகுந்த நீரை மரம் குடித்து உப்புகிறது, பூச்சு வெடிக்கிறது. காய்ந்ததும் மரம் சுருங்க, குழல் தளர்ந்து ஆடுகிறது. கைப்பிடியைத் திருகி முழுதாகக் கழற்றி, இரண்டு நாள் உலரவிட்டு, மேற்சொன்ன இரு குழாய்ப் பசையை மர முனையில் மெல்லியதாகத் தடவிச் செருகினால் வேலை முடிந்தது. ஈர மரத்தில் ஒட்டினால் ஒரு மாதத்தில் மீண்டும் ஆடும்.

பவுடர் திட்டுத்திட்டாக அப்புகிறது

பிரஷைச் சந்தேகிக்கும் முன், அதே பவுடரைச் சுத்தமான வேறொரு பிரஷால் தொட்டுப் பாருங்கள். அதிலும் பவுடர் ஏறவில்லை என்றால் குற்றம் காம்பாக்ட்டினுடையது: முகத்து எண்ணெய் பிரஷ் வழியாகப் பவுடரின் மேல் சேர்ந்து பளபளப்பான ஓடாக இறுகியிருக்கும். செல்லோ டேப்பை அதன் மேல் லேசாக ஒட்டி உரித்தால் ஓடு கழன்று, கீழே புதுப் பவுடர் தெரியும்.

இரண்டாவது பிரஷ் நன்றாக வேலை செய்தால், முதலாவதில் ஈரமோ எண்ணெயோ இருக்கிறது. அல்லது கண்டிஷனர் அதிகமாகி, பவுடரைப் பிடிக்க வேண்டிய மயிர் வழுக்குகிறது. மூன்றுக்கும் ஷாம்பு கழுவலும் முழு உலர்த்தலும் போதும். கழுவிய மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தால், பவுடர் பிரஷை அதற்கும் முந்தைய நாளே கழுவிவிடுவது நல்லது. விலங்கு மயிர் பிரஷைத் திரவ ஃபவுண்டேஷனுக்குப் பயன்படுத்தியிருந்தால் மட்டும், பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது.

முகத்தில் பரு, கண்ணில் எரிச்சல்

பருவுக்கு நூறு காரணம் உண்டு. பிரஷ் ஓடும் கன்னத்திலும் தாடையிலும் மட்டும் வருகிறதா, மேக்கப் போடாத வாரத்தில் குறைகிறதா என்று கவனித்த பிறகே பிரஷைக் குற்றம் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை பிரஷ்களைக் கழுவச் சொல்கிறது. திரவத்துக்கும் கிரீமுக்கும் பயன்படும் செயற்கை இழைகளுக்கு இந்தக் கணக்கைத் தவறாமல் கடைப்பிடிக்கலாம். மென்மையான அணில் மயிர் அத்தனை கழுவல்களைத் தாங்காது என்பதால், பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் டிஷ்யூவில் துடைத்து வைத்து, உலர்ந்த பவுடருக்கு மட்டும், ஒரே ஆளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே அதற்குச் சரியான நடைமுறை. பருவோ புண்ணோ வரும் சருமத்துக்கு அணில் மயிர் பிரஷையே தவிர்த்துவிடுவது இன்னும் நல்லது.

கிருமி நீக்கத்துக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஏற்றது. 99 சதவீதம் இன்னும் வலுவானது என்று தோன்றும். ஆனால் கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஓரளவு நீரும் தேவை, தூய ஆல்கஹால் அந்த வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். அழுக்கும் எண்ணெயும் படிந்த பிரஷில் தெளிப்பது வீண் என்பதால், கழுவி உலர்த்திய பிறகு நுனியில் தெளித்து மீண்டும் உலரவிட வேண்டும். கைக்குப் பூசும் சானிட்டைசர் ஜெல் இதற்கு மாற்றாகாது. அதிலுள்ள கெட்டிப்படுத்தும் பொருள் இழைகளில் பிசுபிசுப்பாகத் தங்கும். நாட்டிய அரங்கின் ஒப்பனை அறையில் குத்துவிளக்கோ கற்பூரமோ எரியும்போது ஆல்கஹால் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அங்கே பல பிள்ளைகளுக்கு ஒரே மை பிரஷைச் சுற்றிவிடும் வழக்கமும் நிற்க வேண்டும். கண்வலி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவ அதைவிட எளிய வழி இல்லை. மணப்பெண் அலங்காரம் செய்பவர்களும் ஒவ்வொருவருக்கும் கழுவிய பிரஷையே எடுக்க வேண்டும்.

கழுவிய மறுநாளே தோல் அரித்தால் கிருமியைவிடச் சோப்பு மிச்சத்தையே முதலில் சந்தேகியுங்கள். மணமில்லாத ஷாம்புவுக்கு மாறி, கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். அரிப்பு முகத்தில் இல்லாமல் குழலைப் பிடிக்கும் விரல்களில் இருந்தால் நிக்கல் பூச்சின் ஒவ்வாமையாக இருக்கலாம். கண்கட்டி, சீழ், தொடர்ந்த சிவப்பு என்றால் மேக்கப்பை நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த நாள்களில் பயன்பட்ட மஸ்காராவும் ஐலைனரும் மீண்டும் கண்ணருகே வரக் கூடாது.

ஸ்பாஞ்சு பற்றி

பிரஷ்களோடு ஒரே பையில் கிடக்கும் ஃபவுண்டேஷன் ஸ்பாஞ்சுதான் உண்மையில் அதிக ஆபத்தானது. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டில் இருந்த இத்தகைய ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படாதவை என்று தெரியவந்தது. ஈரத்தோடு பயன்படுத்தி, ஈரத்தோடேயே மூடி வைக்கும் பொருள் அது. பயன்படுத்திய உடனேயே, ஃபவுண்டேஷன் காயும் முன், திரவ சோப்பைத் தேய்த்து, பிழிந்து வரும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். நகத்தால் கீறினால் கிழியும். உள்ளங்கையால் அழுத்தியே பிழிய வேண்டும். மைக்ரோவேவில் வைத்துக் கிருமி நீக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஈரம் போதாத ஸ்பாஞ்சு உள்ளே தீப்பற்றும்.

மூடிய பெட்டியில் வைக்காமல், காற்றுப் புகும் கம்பித் தாங்கியில் உலர்த்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. அதற்கு முன்பே கிழிசலோ, கழுவியும் போகாத வாடையோ வந்தால் ஒருமுறை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே கரும்புள்ளிகள் இருந்தால், அடுத்ததை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.